பிரேக்குக் குழாயிற் புகுந்த காற்று

கீழப்பாவூரார் ஆரியங்காவுக் கணவாய் கடந்து புளியரை இறக்கத்தில் மோட்டார் சைக்கிளில் மீளுங்கால், பிரேக்கே உயிர்த்துணை. அடைபட்ட நீர்மம் அழுத்தத்தை எங்கும் சமமாகச் செலுத்தும் என்பது பாஸ்கல் கண்ட விதி. காற்றோ அழுத்தினாற் சுருங்கும். ஆதலின் குழாயிற் குமிழி புகின், கைப்பிடி மெத்தெனத் தாழும், சக்கரம் நில்லாது.

இதனை வீட்டிலேயே நீக்கலாம், ஏ.பி.எஸ். உள்ள வண்டியாயின் பணிமனையை நாடுக. கைப்பிடியருகுள்ள கலத்தை, மூடியிற் குறித்த வகை எண்ணெயால் நிரப்புக. சக்கரத்தருகுள்ள நிப்பிளிற் கண்ணாடி போன்ற குழாயொன்றை மாட்டி, மறுமுனையை எண்ணெயில் அமிழ்த்துக. கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிப்பிளைத் தளர்த்துக; அதனை முடுக்கிய பின்னரே பிடியை விடுக. முன்னரே விடின் காற்று மீளப் புகும். குமிழி ஒழியுங்காறும் இவ்வாறே செய்க. கலம் வற்ற விடற்க.

இவ்வெண்ணெய் ஈரத்தை ஈர்ப்பது. டாட் 4 வகை புதிதாயின் 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறின் 155 அளவிற்கும் இறங்கலாம். இறக்கத்தின் சூட்டில் அவ்வீரமே ஆவிக்குமிழியாம். ஆதலின், சாரற்காலத்தில் திறந்துவைத்த பழம்புட்டியை ஒதுக்குக. பிடி உறுதியாய் நின்றாலன்றி வண்டியைச் சாலையிற் செலுத்தற்க.