ஆனையூர்த் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எம்.எஸ்சி. முடிக்கப் போகிறாய், கோட்பாட்டுக் கணினியியலில் ஆய்வு செய்ய ஆசை. ஆனால், "இரண்டு நாடு சேர்ந்து தர்ற ஃபெல்லோஷிப்பெல்லாம் ஐஐடிக்காரங்களுக்குத்தானே அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லவே இல்லை. இந்தத் துறையில் பெரிய வேலை ஐஐடிக்கு வெளியேயும் நடந்திருக்கிறது.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திய ராணி சிரோமணியும் கிஃப்ட் சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் நம் வாசல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். எந்தப் புள்ளிக்கு அடுத்து எது வரலாம் என்பதை விதிகளாக்கினால், அந்த விதிகளே கோலத்தை வளர்க்கும். இன்றும் உலகம் மேற்கோள் காட்டும் கட்டுரை அது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகத்தில் (சிஎம்ஐ) 2017 முதல் 'ரிலாக்ஸ்' என்ற இந்திய-பிரெஞ்சு ஆய்வகம் இயங்குகிறது. நம் பக்கம் சிஎம்ஐயும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும். அந்தப் பக்கம் பிரான்சின் தேசிய ஆய்வு மையமான சிஎன்ஆர்எஸ், போர்தோ பல்கலைக்கழகம் முதலியவை. பிஎச்.டி. மாணவர்கள் அங்கும் இங்கும் சில மாதம் தங்கிப் படிக்க, இந்த இரு நாடுகளும் சேர்ந்து தரும் ராமன்-சார்பாக் ஃபெல்லோஷிப் 2013-இல் தொடங்கப்பட்டது.

ஏன் மாதக்கணக்கில் தங்க வேண்டும்? பெட்ரி வலை என்று ஒரு மாதிரி உண்டு. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும் அமைப்பைக் காட்டுவது. இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்குப் போய்ச்சேர முடியுமா என்பதைக் கணித்துச் சொல்லலாம் என்று 1981-இல் கணினியியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் நிறுவினார். அது எவ்வளவு கடினம் என்பது 2021-இல்தான் தெளிந்தது. தெளிவித்தவர்களில் போர்தோவின் ஜெரோம் லெரூவும் ஒருவர். இப்படிப்பட்ட கேள்விக்குக் கருவி எதுவும் வேண்டாம். கரும்பலகையும், நம் நிரூபணத்தில் ஓட்டை கண்டுபிடிக்கும் ஒரு கூட்டாளியும் போதும். அந்தக் கூட்டாளி பதினைந்து நாள் பயணத்தில் அமையமாட்டார். குறுகிய பயணங்களுக்குச் செலவாகும் பணத்தை நீண்ட தங்கலுக்குத் திருப்ப வேண்டும் என்பதே என் கட்சி.

ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் "அல்காரிதத்தில் ஆர்வம்" என்று மட்டும் எழுதாதே. ஒரு கேள்வியை வை. இதுவரை தெரிந்தது என்ன, நீ எங்கே முட்டி நிற்கிறாய், அங்குள்ளவரின் எந்தக் கட்டுரை அதைத் தொடுகிறது என்று ஒரு பக்கத்துக்குள் சொல்.

அதற்கு முன் பிஎச்.டி.யில் சேர வேண்டும். தரமணிக்கு ஜெஸ்ட் தேர்வு. அதில் கோட்பாட்டுக் கணினியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. சிறுசேரிக்கு அவர்களின் சொந்த நுழைவுத் தேர்வு. இரண்டுக்கும் பழைய வினாத்தாள்களை எடுத்து இந்த வாரமே போட்டுப் பார். எந்தக் கணக்கில் சிக்குகிறாய் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்