முதுகலை இசைப் பட்டம்: இறுதிப் பருவத்தை எப்படி நிறைவு செய்வது?

பள்ளியில் பணியாற்றிக்கொண்டே முதுகலை இசைப் பட்டம் பயிலும் இசை ஆசிரியர்களுக்குப் பெரும் சவாலாக அமைவது இறுதிப் பருவம். அதுவரை பாடல்களும் இசையியலும் தனித்தனித் தாள்களில் சோதிக்கப்படுகின்றன. இறுதியில் கச்சேரி வடிவிலான செய்முறைத் தேர்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து நிற்கின்றன. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதிகள் மாறுபடும் என்பதால் பாடத்திட்டத்தை முதலில் படித்துவிடுவது நல்லது. ஆனால் இம்மூன்றும் கேட்பது ஒன்றுதான்: பாடுவதை விளக்க முடிகிறதா? விளக்குவதைப் பாடிக் காட்ட முடிகிறதா?

எனவே மூன்றையும் மூன்று சுமைகளாகப் பார்க்காமல், ஓர் இராகத்தை மையமாகக் கொண்டு இணைத்துக்கொள்ளலாம். பைரவி இராகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த வழியைப் பார்ப்போம்.

கச்சேரியைத் திட்டமிடல்

வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான முதன்மை உருப்படி, இராகம் தானம் பல்லவி, பின்னர் சிறு உருப்படிகள் என்ற இன்றைய கச்சேரி அமைப்புக்கு உருவம் கொடுத்தவராக அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) போற்றப்படுகிறார். தேர்வுக்கும் இந்த அமைப்பே நல்ல வழிகாட்டி.

பைரவியை முதன்மை உருப்படியாக வைத்துக்கொள்வோம். முத்துசுவாமி தீட்சிதரின் ‘பாலகோபால’ கீர்த்தனை அதற்கு ஏற்றது. மற்ற உருப்படிகளில் இராகம், தாளம், மொழி, இயற்றியவர் ஆகியவை மாறி மாறி அமையட்டும். வாசஸ்பதியை அடுத்துக் கல்யாணியைப் பாடினால் இரண்டும் பிரதிமத்திம இராகங்கள் என்பதால் வேறுபாடு குறையும். இடையில் ஒரு சுத்தமத்திம இராகம் வந்தால் கேட்பவர் செவிக்கு ஓய்வு கிடைக்கும்.

பாடல்களைக் கடைசி மாதத்தில்கூட மெருகேற்றிவிடலாம். மனோதர்மத்தை அப்படிச் செய்ய இயலாது. பள்ளி முடிந்து வந்தபின் நாள்தோறும் அரைமணி நேரம் ஆலாபனைக்கும் கற்பனைச் சுரத்துக்கும் ஒதுக்குவது, விடுமுறை நாளில் ஐந்து மணி நேரம் பாடுவதைவிடப் பயன் தரும். பக்கவாத்தியக் கலைஞர்களுடன் முழுக் கச்சேரியையும் கடிகாரம் வைத்து இருமுறையேனும் ஒத்திகை பார்ப்பது அவசியம்.

பல்லவியின் கணக்கு

பலரும் அஞ்சுவது பல்லவியைத்தான். கணக்கைத் தாளில் எழுதிவிட்டால் பாதி அச்சம் விலகும். ஓர் ஆவர்த்தனம் கொண்ட பல்லவியைத் தாளத்தின் வேகத்தை மாற்றாமல் இரண்டாம் காலத்தில் பாடினால், அதே ஆவர்த்தனத்தில் இரண்டு முறை வரும். மூன்றாம் காலத்தில் நான்கு முறை வரும். திசிரத்தில் பாடும்போது இரண்டு ஆவர்த்தனங்களுக்கு மூன்று முறை அமையும்.

கோர்வைக்கும் இதே தெளிவு வேண்டும். ஒரு களை ஆதி தாளத்தில் 8 அட்சரம்; அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் 32 மாத்திரை. சமத்தில் தொடங்கிச் சமத்தில் முடிக்க 8+4+8+4+8 என்று அமைக்கலாம். 10+1+10+1+10 என்றும் அமைக்கலாம். இரண்டிலும் ஒரே தொடர் மூன்று முறை வருகிறது. நடுவில் இருப்பவை இடைவெளிகள். எடுப்பு சமத்தில் இல்லையெனில், அதற்கேற்ப மாத்திரைகளைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும்.

ஆய்வேடு: தலைப்பைச் சுருக்குங்கள்

‘தீட்சிதர் கீர்த்தனைகள்: ஓர் ஆய்வு’ என்பது ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய தலைப்பு அன்று. ‘பைரவியில் மூன்று உருப்படிகள்’ என்று குறுக்கினால் முடியும். பச்சிமிரியம் ஆதியப்பையரின் அட தாள வர்ணம், சியாமா சாஸ்திரியின் சுரஜதி, தீட்சிதரின் கீர்த்தனை ஆகியவற்றை ஒப்பிடலாம். ஒரே இராகம் மூன்று வடிவங்களில் எவ்வாறு நடக்கிறது என்பதே ஆய்வு வினா.

1904இல் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ கமகக் குறியீடுகளுடன் சுர தாளக் குறிப்பைத் தருகிறது. அதிலுள்ள ஒரு பாடத்தையும் இன்று பாடப்படும் பாடத்தையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்தாலே எழுதுவதற்குப் பொருள் கிடைத்துவிடும்.

களப்பணியில் விருப்பமுள்ளோர் தம் ஊரிலேயே தேடலாம். பாட்டிமார் பாடும் தாலாட்டு, கோயிலில் ஓதுவார் பாடும் பண், நாகசுவரக் கலைஞர் வாசிக்கும் மல்லாரி ஆகியவை அவர்களோடு மறைந்துவிடக் கூடும். பாடியவரின் இசைவைப் பெற்று, நாள், இடம், சூழல் ஆகியவற்றுடன் பதிவு செய்தால், அது பட்டத்தையும் தாண்டி நிற்கும் பணியாகும்.

வாய்மொழித் தேர்வு

“பைரவியில் எந்தத் தைவதம் எங்கே வரும்?” என்று கேட்கப்படலாம். ஆரோகணத்தில் சதுசுருதி தைவதமும் அவரோகணத்தில் சுத்த தைவதமும் வரும் என்பது நூல் தரும் விடை. இரண்டையும் உரிய பிரயோகங்களில் பாடிக் காட்டி, தாம் பாடிய கீர்த்தனையிலேயே அவை வரும் இடங்களைச் சுட்டினால் விடை முழுமை பெறும். ஆய்வேட்டின் ஒவ்வொரு முடிவுக்கும் பாடிக் காட்டத்தக்க ஒரு சான்றை இப்படித் தயாராக வைத்திருங்கள். ஒரே இராகத்தை மையமாக வைத்ததன் பயன் இங்கே கைகொடுக்கும்.

வகுப்பறைக்கு என்ன கிடைக்கும்?

சரளி வரிசையை மூன்று காலங்களில் பாடும் குழந்தை, திரிகாலப் பல்லவியின் கணக்கைத்தான் பயில்கிறது. ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதத்தைக் கைத்தட்டலில் உணர்ந்த மாணவருக்குக் கணித வகுப்பில் விகிதம் அந்நியமாக இராது. இதை விளக்கத் தெரிந்த ஆசிரியர், “வேகமாகப் பாடு” என்று சொல்வதோடு நிறுத்தமாட்டார்; தாளம் மாறாமல் பாட்டு மட்டும் இரட்டிப்பதைக் கவனிக்கச் செய்வார்.

இறுதிப் பருவம் ஓர் ஆசிரியரிடம் வளர்க்கும் திறன் இதுவே. பதவி உயர்வோ ஊக்க ஊதியமோ இருக்கட்டும். பாடியும் காட்டி, ஏன் அப்படி என்றும் சொல்லித்தரும் ஓர் ஆசிரியர் அந்தப் பள்ளிக்குக் கிடைக்கிறார்.