விதியை மாற்றினால் எல்லாரும் விளையாடலாம்

நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் 24 குழந்தைகள். அவர்களுள் இருவர் அறிவுசார் குறைபாடுடையவர்கள். விளையாட்டுப் பாடவேளையில் இத்தகைய குழந்தைகளை விழுந்துவிடுவார்களோ என்று அஞ்சி, தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிடுவதுண்டு. ஆனால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, படிப்போடு விளையாட்டிலும் சமவாய்ப்பு தருவதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியுள்ளது.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பின் முதல் போட்டிகள் 1968இல் சிகாகோவில் நடந்தன. அவ்வமைப்பின் 'யங் அத்லெட்ஸ்' திட்டம் 2 முதல் 7 வயதுவரை உள்ளவர்களுக்கானது. அறிவுசார் குறைபாடு உள்ள, இல்லாத குழந்தைகள் ஒன்றாகவே ஓட, தாண்ட, எறிய, பிடிக்க, உதைக்கப் பழகுகிறார்கள். இதை நம் பள்ளி மைதானத்திலும் செய்யலாம். நான் பின்பற்றும் வழிகள் இவை:

1. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. சொல்வதோடு நானே செய்தும் காட்டுவேன். 'கல்லா மண்ணா' விளையாட்டில் 'கல்' என்றால் சிவப்பு அட்டை, 'மண்' என்றால் பச்சை அட்டை உயர்த்துவேன். துரத்துபவரும் தப்புபவரும் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. இந்த விதி எல்லாருக்கும் பொது.

2. பந்துக்கு முன் பலூன். பலூன் மெதுவாக இறங்குவதால், பார்த்துக் கை நீட்ட நேரம் கிடைக்கும். பிறகு துணிப்பந்து, அதன்பின் ரப்பர் பந்து.

3. 'அவுட்' ஆனவரை வெளியேற்றுவதில்லை. முதலில் அவுட் ஆகும் குழந்தைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை; அவரையே வெளியே நிறுத்தினால் எப்படிக் கற்பார்? அதற்குப் பதிலாக, பலூன் தரையைத் தொடாமல் வகுப்பே சேர்ந்து எத்தனை முறை தட்டினோம் என்று எண்ணுகிறோம். நேற்றைய எண்ணிக்கையை இன்று தாண்டுவதே வெற்றி.

4. இணையை அடிக்கடி மாற்றுவேன். இல்லையேல் ஒருவர் எப்போதும் உதவுபவர், மற்றவர் எப்போதும் உதவி பெறுபவர் என்றாகிவிடும். இருவருமே எறிய வேண்டும். இருவருமே பிடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு உறுதியற்றிருக்கும். மருத்துவர் ஒப்புதலின்றிக் குட்டிக்கரணம் போன்றவை வேண்டாம். வலிப்பு, இதயக் குறைபாடு உண்டா என்பதைப் பெற்றோரிடமும் சிறப்புப் பயிற்றுநரிடமும் முன்பே கேட்டறியுங்கள்.

மதிப்பீட்டுக்கு நான் பார்ப்பவை மூன்று: தன் முறைக்குக் காத்திருக்கிறாரா, இணையின் பெயர் சொல்லி அழைக்கிறாரா, போன வாரத்தைவிட ஓரடி கூடுதல் தூரம் எறிகிறாரா? இவற்றை 24 பேருக்கும் ஒரே பதிவேட்டில் குறிக்கிறேன்.

தனிக் கருவிகளோ தனி நிதியோ தேவையில்லை. அடுத்த விளையாட்டு வேளையில் ஒரே ஒரு விதியை மாற்றிப் பாருங்கள். தாழ்வாரம் காலியாகட்டும்.