கரப்பானும் களிம்பும்

தோற்றுவாய்

பிணி தீர்க்கும் முயற்சிக்கு உறுப்புக்கள் நான்கு என்பது திருவள்ளுவர் கொள்கை. நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், அவனுக்குக் கருவியாகிய மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து அளிப்பவன் என்னும் இந்நான்கினையும் அவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் ஒருங்கு வைத்து எண்ணினார். முதல் மூன்றும் இன்றியமையாதன என்பது யாவர்க்கும் எளிதில் விளங்கும். நான்காமவனும் அவற்றோடு ஒப்ப எண்ணப்பட்டது ஏன் என்பதே ஆராயத்தக்கது. இதனை விளக்குதற்குக் குழந்தைகட்கு உண்டாகும் கரப்பான் நோய் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். இந்நோயில் மருத்துவரைக் காண்பது ஆண்டில் ஒருசில நாழிகையே. ஏனைய நாளெல்லாம் மருந்து தாயின் கையில் இருக்கின்றது. அக்கை அஞ்சிச் சுருங்கினும் கேடு. அளவு கடந்து செல்லினும் கேடு. இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் நெறி யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நோயின் இயல்பு

கரப்பான் என்பது நம் நாட்டில் தோற்பிணிகள் பலவற்றிற்கும் பொதுவாக வழங்கும் பெயர். அவற்றுள் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஒன்றினை மேனாட்டு மருத்துவர் எக்சிமா என்பர். கொதித்துப் பொங்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது. பொங்கி, வெடித்து, நீர் கசியும் குழந்தையின் கன்னத்தைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் இனிது புலனாகும். 1933ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவராகிய வைஸ், சல்ஸ்பர்கர் என்னும் இருவரும் இதற்கு அடோபிக் டெர்மடைடிஸ் என்று பெயரிட்டனர். ஆஸ்துமாவும், தூசியினால் உண்டாகும் ஓயாத் தும்மலும் உடைய குடும்பங்களில் இந்நோய் மிகுதியாகத் தோன்றும் என்பதை அப்பெயர் உட்கொண்டது.

தோலின் மேற்பரப்பினை ஒரு செங்கற்சுவருக்கு ஒப்பிடலாம். செல்கள் செங்கற்கள், அவற்றின் இடையேயுள்ள கொழுப்பு சுண்ணச்சாந்து. அச்சுவர் செவ்வையாக இருக்குமாயின் உள்ளிருக்கும் நீர் வெளிச்செல்லாது. வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உட்புகா. கரப்பானுக்கு இலக்காகிய குழந்தைகட்கோ பிறவியிலேயே அச்சுவர் நெகிழ்ந்திருக்கின்றது. 2006ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்திலுள்ள டண்டீ நகரத்து ஆராய்ச்சியாளர், தோலின் உறுதிக்குத் துணைசெய்யும் பிலாக்ரின் என்னும் புரதம் குறைவாகப் பிறப்போர்க்கு இந்நோய் எளிதிற் பற்றும் என்று கண்டனர். நோயாளர் அனைவர்க்கும் அக்குறை உண்டென்பதில்லை. எனினும், பிணியின் வேர்களுள் ஒன்று தோலின் அமைப்பிலேயே உள்ளது என்பது அதனால் தெளிவாயிற்று.

சுவர் நெகிழவே தோல் உலர்கின்றது. உலரவே அரிப்பு எழுகின்றது. அரிக்கவே குழந்தை சொறிகின்றது. சொறியவே சுவர் மேலும் இடிகின்றது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழலே கரப்பான். இரவில் இச்சுழல் மிகுதலின், குழந்தை உறக்கம் இழக்கின்றது. தாய் உறக்கம் இழக்கின்றாள். வீடே உறக்கம் இழக்கின்றது. இது தொற்றுநோயன்று, பக்கத்துக் குழந்தையை விலக்கிவைத்தல் வேண்டுவதில்லை. பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளுக்குள் தோன்றும் இந்நோய், வளர வளரப் பலர்க்குத் தணிந்துவிடும்.

நம்மவர் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. மேனாட்டு நூல்கள் இந்நோயின் அடையாளமாகச் செந்நிறத்தைக் கூறும். மாநிறமும் கருநிறமும் உடைய குழந்தைகளிடம் அச்செம்மை அத்துணைத் தெளிவாகத் தோன்றாது. ஊதாவாகவோ, சாம்பலாகவோ, முன்னினும் கருமையாகவோ தோன்றும். செம்மை இல்லையெனக் கண்டு நோய் சிறிதென்று கருதுதல் பிழை. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் தடிப்பையும் அறிதல் வேண்டும். நோய் தணிந்த இடத்தில் சின்னாட்கள் வெளுப்போ கருமையோ நிற்பதும் உண்டு. அதனைக் கண்டு, களிம்பு தோலை வெளுத்துவிட்டது என்று பலர் அஞ்சுவர். பெரும்பாலும் அது நோய் விட்டுச்சென்ற சுவடேயன்றி மருந்தின் குற்றமன்று, நாளடைவில் மறையும்.

மென்மருந்து

இனி மருந்தினைக் கூறுவாம். அது மென்மருந்து, வன்மருந்து என இருவகைப்படும். தோலுக்கு நெய்ப்பூட்டும் பூச்சுக்கள் மென்மருந்து. ஸ்டீராய்டுக் களிம்பு வன்மருந்து. கூரையில் தீப்பற்றினால் தீயை அணைத்தல் ஒரு தொழில். பின்னர்க் கூரையைச் செப்பனிடுதல் மற்றொரு தொழில். முன்னது வன்மருந்தின் செயல். பின்னது மென்மருந்தின் செயல். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

மென்மருந்தினை நோய் மிக்கபோது மட்டுமன்றித் தணிந்த காலத்தும் நாள்தோறும் பூசுதல் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் குளிப்பாட்டி, துணியால் தேய்க்காது ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன்னரே பூசுதல் நலம். மயிர் படிந்துள்ள திசையில் மெல்லத் தடவுக. உடல் முழுதும் நோயுள்ள குழந்தைக்கு வாரம் ஒன்றிற்கு 250 கிராமும் வேண்டியிருக்கும். சிறு குப்பியைத் திங்கள்தோறும் சிக்கனமாகப் பயன்படுத்துவோர் பயன் காணாமைக்குக் காரணம் இதுவே. டப்பாவிலிருந்து தூய கரண்டியால் எடுத்தல் வேண்டும். விரலை இட்டால் கிருமி புகும். நெய்ப்பூச்சு ஊறிய துணியில் தீ விரைந்து பற்றுமாதலின், குழந்தையை விளக்கிற்கும் அடுப்பிற்கும் சேய்மையில் வைத்தல் கடமை.

எப்பூச்சு சிறந்தது என்று வினவுவார்க்கு விடை எளிது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கில நாட்டு ஆராய்ச்சியில், 550 குழந்தைகட்கு நால்வகைப் பூச்சுக்களைப் பகிர்ந்தளித்து நோக்கினர்; அவற்றுள் ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை. ஆதலின் விலைமிக்கதே சிறந்தது என்று எண்ணற்க. குழந்தைக்கு எரிச்சல் தராததும், தாய் நாள்தோறும் தவறாது பூசக்கூடியதுமே சிறந்தது. அங்ஙனமே, குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய்கள் தனிப்பயன் தருவதில்லை என 2018ஆம் ஆண்டிலும், பட்டாடை அணிவித்தலால் நன்மையில்லை என 2017ஆம் ஆண்டிலும் அந்நாட்டு ஆராய்ச்சிகள் காட்டின. வறியவர் இவற்றின்பொருட்டுக் கடன்படுதல் வேண்டா.

நம் வீட்டு எண்ணெய்களைப் பற்றியும் கூறுதல் வேண்டும். தூய தேங்காயெண்ணெய் இலேசான நோய்க்கு நன்மை தந்ததாகப் பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகின்றது. ஆலிவ் எண்ணெயோ தோலின் சுவரை மேலும் நெகிழ்த்தும் என்பது 2013இல் அறியப்பட்டது. அதனைக் குழந்தைக்குப் பூசும் புதுவழக்கம் தவிர்க்கத்தக்கது. நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுக்கள் பிற்காலத்தில் கடலை ஒவ்வாமைக்கு ஏதுவாகலாம் என்று 2003இல் ஓர் ஆராய்ச்சி எச்சரித்தது. உடைந்த தோலில் எலுமிச்சைச் சாறு, உப்பு, கற்பூரம் முதலியன இடுதல் கொடுமையேயாகும். வழலைக்கட்டியின் காரம் தோலை உலர்த்துமாதலின் அதனையும் குறைத்தல் வேண்டும். நகங்களைக் குறைத்தலும், மெல்லிய பருத்தியாடை அணிவித்தலும், வியர்வை தங்காது காற்றோட்டம் அமைத்தலும் செலவின்றிச் செய்யத்தக்க உதவிகள்.

வன்மருந்து

1948ஆம் ஆண்டில் கார்ட்டிசோன் என்னும் பொருள் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதல் ஊசிவழி அளிக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டில், அதன் இனமாகிய ஹைட்ரோகார்ட்டிசோன் தோலின்மேற் பூசியும் பயன்தருவதைச் சல்ஸ்பர்கரும் விட்டன் என்பவரும் வெளியிட்டனர். இந்நோய்க்குப் பெயரிட்ட இருவருள் ஒருவரே அதற்கு மருந்து கண்ட இருவருள்ளும் ஒருவரானார். அதன்பின் அவ்வினத்தில் பல களிம்புகள் தோன்றின. அவற்றின் ஆற்றல் ஒரு தன்மைத்தன்று. ஒரு விழுக்காட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் மெல்லியது, குளோபெட்டசோன் இடைநிலையது, பீட்டாமெத்தசோன் வாலரேட்டும் மொமெட்டசோனும் வலியன, குளோபெட்டசால் மிகமிக வலியது. ஸ்டீராய்டு என்னும் ஒரு பெயரால் இவையனைத்தையும் ஒன்றாக எண்ணுதல், ஓடையையும் கடலையும் நீர் என்னும் பெயர் பற்றி ஒன்றெனக் கொள்வது போலாம்.

இக்களிம்பினால் தீமை இல்லையோ எனின், உண்டு. வலிய களிம்பை நெடுநாள் இடைவிடாது பூசினால் தோல் மெலியும், நுண்ணிய குருதிக்குழல்கள் வெளித்தோன்றும், வரித்தழும்பு விழும், கண்ணருகே பூசின் கண்ணுக்கும் கேடு நேரலாம். மிகுதியாக உட்சென்றால் உடலின் இயற்கைச் சுரப்பும் குன்றும். நெடுங்காலம் பூசியதை நிறுத்தியவுடன் தோல் முழுதும் எரிந்து பொங்கும் நிலையும் சிலர்க்கு உண்டாவதைப் பிரிட்டிஷ் மருந்துக் கண்காணிப்பு அலுவலகம் 2021ஆம் ஆண்டில் எச்சரித்தது. ஆயினும், இத்தீமைகள் பெரும்பாலும் ஆற்றலும் இடமும் காலமும் அறியாது பூசுதலால் விளைவன. 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை விளக்கும். இலேசான, நடுத்தரமான நோயுடைய குழந்தைகளுள் ஒரு சாரார்க்கு வலிய களிம்பை மூன்று நாளும், மற்றொரு சாரார்க்கு மெல்லிய களிம்பை ஏழு நாளும், நோய் எழுந்தபோதெல்லாம் பூசினர். பதினெட்டு வாரங்கள் கழித்து நோக்கியபோது இருசாரார்க்கும் பயன் ஒத்திருந்தது; தோல் மெலிவும் குறிக்கத்தக்க அளவில் இல்லை.

அளவு அறிதற்கு 1991ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விரல்நுனி அளவு மிகவும் பயனுடையது. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனி முதல் அதன் முதற்கணு வரையில் குழாயிலிருந்து பிதுக்கிய களிம்பே ஓர் அளவு. ஏறத்தாழ அரை கிராம். வளர்ந்தவரின் விரல்கள் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்பிற்கு அது போதும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் நோயுற்றால் ஒன்றரை, ஒரு கை முழுதிற்கும் ஒன்றரை, ஒரு கால் முழுதிற்கும் இரண்டு, மார்பும் வயிறும் சேர்ந்து இரண்டு, முதுகும் பிட்டமும் சேர்ந்து மூன்று அளவு வேண்டும். இவை தாயின் விரலால் அளப்பன; குழந்தையின் விரலால் அல்ல.

நோயுள்ள இடத்தில் மட்டும், நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ, மருத்துவர் குறித்த நாள்வரை பூசுக. முகத்திற்கும் மடிப்புக்களுக்கும் மெல்லியதே தக்கது. அரைத்துணி மூடிய இடத்தில் மருந்து மிகுதியாக உட்செல்லுமாதலின் ஆங்கும் விழிப்பு வேண்டும். மென்மருந்திற்கும் வன்மருந்திற்கும் இடையே அரைமணி நேரம் விடுதல் நன்று. அடிக்கடி நோய் மீளும் குழந்தைகட்கு, தணிந்த பின்னும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசுமாறு மருத்துவர் பணித்தலும் உண்டு. இரண்டு வயது கடந்தவர்க்கு, முகம் முதலிய மெல்லிய இடங்களின்பொருட்டு, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் என்னும் களிம்பும் உளது. அதுவும் மருத்துவர் சொற்படியே கொள்ளத்தக்கது.

அச்சமும் மிகையும்

நம் நாட்டில் ஒருசாரார் ஸ்டீராய்டு என்னும் பெயர் கேட்டவுடனே களிம்பை எறிந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, முகம் வெளுப்பதற்கும் படை நீங்குவதற்கும் வலிய களிம்பைத் திங்கட்கணக்காகப் பூசுகின்றனர். இக்கேட்டினைக் கருதியே இந்திய அரசு 2018ஆம் ஆண்டில் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது. இவ்விரு சாராரும் பகைவர்போல் தோன்றினும், அளவறியாமை என்னும் ஒரு தாயின் மக்களே.

அஞ்சுவோர் நாடுவது பெரும்பாலும் பச்சிலைக் களிம்பு. பச்சிலை என்னும் பெயரே காவலாகாது. பர்மிங்காம் நகரில் கரப்பானுக்குப் பயன்படுத்தப்பட்ட பச்சிலைக் களிம்புகள் 24ஐச் சோதித்தபோது, 20இல் ஸ்டீராய்டு கரவாகக் கலந்திருந்தது என 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஸ்டீராய்டுக்கு அஞ்சி ஓடியவர், பெயரும் அளவும் அறியாத ஸ்டீராய்டையே குழந்தைக்குப் பூசினர். உட்பொருளின் பெயர் எழுதப்படாத எக்களிம்பையும், எவர் புகழ்ந்து தரினும், தொடாதிருத்தலே அறிவுடைமை.

அச்சம் உணவிலும் புகும். கத்தரிக்காய், கருவாடு முதலியவற்றைக் கரப்பான் பண்டம் என்று விலக்குதல் நம் வழக்கம். ஒரு பண்டம் உண்ட சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ காணின் மருத்துவர்க்கு அறிவித்தல் முறை. சிறு மகவின் கடும்நோய் மருந்திற்கு அடங்காதபோது பால், முட்டை முதலியவற்றை அவர் ஆராய்வதும் உண்டு. அங்ஙனமன்றி, ஊரார் சொற்கேட்டுப் பால், முட்டை, மீன் யாவற்றையும் நிறுத்தினால், தோல்நோய் நீங்காமையோடு உடல்மெலிவும் வந்து சேரும். பாலூட்டும் தாய் தானே பட்டினி கிடத்தலும் அத்தகையதே.

காலந்தாழ்த்தலாகாத இடமும் உண்டு. தோலில் மஞ்சள் நிறப் பொருக்கும் சீழும் காணின் கிருமி புகுந்ததென்று அறிந்து மருத்துவரை நாடுக. சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுந்து, குழிப்புண்ணாகி, வலியும் காய்ச்சலும் உடனிருப்பின் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். அது அக்கி இனத்துக் கிருமியால் வரும் கொடிய நோயாக இருக்கலாம்.

முடிவுரை

நல்ல சமாரியன் குற்றுயிராய்க் கிடந்தவன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான் என்று லூக்கா சுவிசேஷம் கூறும். எண்ணெய் மென்மையது, திராட்சரசம் உறைப்புடையது. ஒன்றே போதும் என்று அவன் எண்ணவில்லை. ஒன்றற்கு அஞ்சி விடவுமில்லை. அவ்வளவில் நில்லாது, அவனைச் சத்திரத்திற்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். வள்ளுவர் எண்ணிய நான்காமவனின் இலக்கணம் இதுவே. கரப்பானை ஒரே நாளில் வேரறுக்கும் மருந்து இன்றில்லை. அடக்கி வைக்கும் மருந்து உண்டு. அது விலைமிக்கதும் அன்று. அளக்கும் விரலும், நாள்தோறும் மறவாத கையும், ஐயம் எழுந்தவிடத்து மருத்துவரை வினவும் நாவும் உடையார் வீட்டில் குழந்தை உறங்கும், தாயும் உறங்குவாள்.