பூவில்லாத் தண்டிலிருந்து செடியை அறிதல்

பள்ளித் தோட்டத்திற்கென்று மாணாக்கர் கொண்டுவரும் செடிகளுள் பல, வேரும் பூவும் இல்லாத ஒரு சாண் நீளத் தண்டுத் துண்டுகளே. அண்டை வீட்டிலிருந்து வாங்கியது என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி அவர்கள் அறியார். கள ஊழியரிடமும் இத்தகைய துண்டைக் காட்டி, "இது என்ன செடி?" என்று வினவுவோர் உளர். சிறு குழந்தை அதன் இலையை மென்றுவிட்ட வேளையில் இவ்வினா எழுமாயின், தவறான விடை பெருந்தீங்கு விளைவிக்கும். ஆகவே, பூவின் துணையின்றிச் செடியை அறியும் முறையை ஆசிரியரும் ஊழியரும் பயின்றிருத்தல் வேண்டும்.

பூவில்லாமையால் வரும் இடர்

செடிகளைக் குடும்பம், பேரினம், சிறப்பினம் என வகுத்தறியத் தாவரவியலார் பூவையும் கனியையுமே நெடுங்காலமாகப் பெரிதும் நம்பி வந்துள்ளனர். அவை கிடைக்காதபோது அறிஞரும் தடுமாறுவர் என்பதற்கு, இன்று வீடுதோறும் காணப்படும் மணிபிளான்ட் கொடியே சான்றாகும். பசிபிக் மாக்கடலின் சொசைட்டித் தீவுகளுள் ஒன்றான மூரேயாவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடிக்கு, 1880இல் போதோஸ் ஆரியஸ் என்று பெயரிட்டனர். பின்னர் அதைச் சிண்டாப்சஸ் என்ற பேரினத்தில் சேர்த்தனர். 1962இல் அதன் பூ ஆராயப்பட்ட பின்னரே இவ்விரண்டும் பொருந்தா என்பது தெளிவாயிற்று. மேலும் சில மாற்றங்களுக்குப் பின் எபிப்ரெம்னம் ஆரியம் என்ற பெயர் நிலைபெற்றது. பூப்பதற்குத் தேவையான ஜிபரெலின் என்னும் வளர்ச்சிப் பொருளை ஆக்கும் மரபணு ஒன்று இச்செடியில் சரிவரச் செயற்படாமையே இக்கொடி பூவாமைக்குக் காரணம் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

இலையின் வடிவும் நிறமும்

கண்ணில் முதலில் படுபவை இலையின் வடிவும் நிறமுமே. ஆயின், எளிதில் ஏமாற்றுபவையும் அவையே. தொட்டியில் உள்ள மணிபிளான்ட்டின் இலை உள்ளங்கையளவே இருக்கும். அதே கொடி மரத்தின்மீது ஏறினால் இலைகள் பன்மடங்கு பெருத்து, விளிம்பு கிழிந்து, வேறொரு செடிபோலத் தோன்றும். அதன் மஞ்சள் திட்டுகள் நிழலில் குறையக்கூடும். எனவே, வடிவையும் நிறத்தையும் இறுதியில் நோக்குதலே தக்கது.

ஆராய வேண்டிய வரிசை

முதலாவதாக, கணுவில் இலைகள் அமைந்துள்ள முறையைக் காண்க. ஒரு கணுவில் ஓரிலை இருப்பின் மாற்றிலை அமைவு. இரண்டு எதிரெதிராக இருப்பின் எதிரிலை அமைவு. மூன்றோ அதற்கு மேலோ இருப்பின் வட்டவிலை அமைவு. இவ்வொரு குறிப்பே பல ஐயங்களைத் தீர்க்கும். அரளியில் இலைகள் பெரும்பாலும் மும்மூன்றாக நிற்கும். மஞ்சள் அரளியிலோ ஒவ்வொன்றாக மாறிமாறி நிற்கும். பெயர் ஒத்திருப்பினும் இவை வெவ்வேறு பேரினங்கள். இரண்டும் கொடிய நஞ்சுடையவை.

இரண்டாவதாக, தண்டைத் தொட்டுப் பார்க்க. தண்டு நாற்கோணமாகவும், இலைகள் எதிரெதிராகவும், கசக்கினால் மணமுடையனவாகவும் இருப்பின் அது துளசியின் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, இலைக்காம்பின் அடியை நோக்குக. ரப்பர் செடியில் இளந்தளிரை ஓர் உறை மூடியிருக்கும். அது உதிர்ந்ததும் கணுவைச் சுற்றி வளையம்போன்ற தழும்பு எஞ்சும். ஆல், அரசு முதலிய அதன் இனத்தவற்றிலும் இத்தழும்பைக் காணலாம்.

நான்காவதாக, தண்டை வெட்டிச் சாற்றைக் காண்க. அது பாலா, நிறமற்ற நீரா என்று குறித்துக்கொள்க. பால் வடியும் செடியைக் கையாண்டபின் கண்ணைத் தொடலாகாது. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கண்ணுக்குப் பெருங்கேடு செய்வன.

இவற்றிற்குப் பின்னரே நரம்பமைப்பையும் மணத்தையும் வடிவையும் நோக்குக.

ஓர் எடுத்துக்காட்டு

வெற்றிலைக் கொடியும் மணிபிளான்ட் கொடியும் இதய வடிவ இலையும் கணுவில் வேரும் உடையவை. ஒன்று உண்ணத்தக்கது, மற்றொன்று வாயைப் புண்ணாக்குவது. வெற்றிலையில் கணு பருத்திருக்கும். இலையின் அடிப்பகுதியிலிருந்தே பல முதன்மை நரம்புகள் வளைந்து நுனி நோக்கிச் செல்லும். கசக்கினால் காரமணம் வீசும். மணிபிளான்ட்டிலோ நடுநரம்பு ஒன்றே. அதன் இருபுறமும் கிளை நரம்புகள் நெருங்கி ஓடும். காம்பின் மேற்புறத்தில் பள்ளமும், இலை தொடங்கும் இடத்தில் முழங்கால்போன்ற சிறு புடைப்பும் இருக்கும். காரமணம் இராது. அது சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கை நன்கு வேகவைக்காது உண்டால் உண்டாகும் அரிப்புக்குக் காரணமான ஊசிவடிவக் கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் இதிலும் உள்ளன. வீட்டழகிற்கு வளர்க்கப்படும் டைஃபன்பாக்கியாவில் இவற்றின் விளைவு மிகக் கடுமை. நாவும் தொண்டையும் வீங்கிப் பேச்சும் தடைப்படக்கூடும்.

எச்சரிக்கை

பெயர் அறியாத எச்செடியையும் சுவைத்து ஆராய்தல் கூடாது. அறியும்வரை அதை நஞ்சுடையதாகவே கருதுக. குழந்தை இலையைத் தின்றுவிட்டதாயின் வாந்தி எடுக்கச் செய்யாது, வாயில் எஞ்சியதை அகற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. செடியின் துண்டொன்றையும் இலை, கணு, காம்பு சிதையாமல் உடன் எடுத்துச் செல்க. உதிர்ந்த ஓரிலையினும் கணுவுடன் கூடிய துண்டு பன்மடங்கு பயனுடையது.

வளர்த்தலும் அனுப்புதலும்

அவசரமில்லாதபோது, துண்டை மண்ணில் ஊன்றி வளர்ப்பதே நல்லாசான். அது தழைக்கும் விதமே ஒரு குறிப்பாகும். ரணகள்ளியின் இலையை ஈரமண்ணில் இட்டால் விளிம்பிலிருந்து கன்றுகள் முளைக்கும். மணிபிளான்ட்டின் தனியிலை நீரில் வேர்விடினும், கணு இன்றிப் புதுத்தளிர் விடாது.

இன்று கைப்பேசிச் செயலிகள் படத்தைக் கொண்டே பெயர் கூறுகின்றன. அப்பெயரை ஒரு கருத்துரையாக மட்டுமே கொண்டு, மேற்கூறிய வரிசைப்படி சரிபார்த்தல் வேண்டும். ஐயம் நீங்காவிடின், துண்டைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் கோயம்புத்தூர் மண்டல மையம் போன்ற உலர்தாவரத் தொகுப்புள்ள நிலையத்தை நாடலாம். திரட்டிய நாள், இடம், செடியின் உயரம், சாற்றின் நிறம், மணம், வளர்க்கப்பட்டதா தானே முளைத்ததா என்னும் விவரங்களைச் சீட்டில் எழுதி இணைக்க. உலர்ந்தபின் சாறும் மணமும் மறைந்துவிடும்; அவற்றை அறிந்தவர் திரட்டியவர் ஒருவரே.

சிறப்பினம் வரை அறிய இயலாவிடின், "சேம்புக் குடும்பம், பெயர் தெரியவில்லை" என்று எழுதுதல் இழுக்கன்று. மருத்துவருக்கு அவ்வளவே பேருதவியாகும். ஊகித்து எழுதிய பெயரோ அவரைத் திசைதிருப்பிவிடும்.

பயிற்சி: பள்ளி வளாகத்திலிருந்து பூவில்லாத ஐந்து தண்டுகளை ஆசிரியரே தேர்ந்து கொணர்க. மாணாக்கர் இலையமைவு, தண்டு, காம்படி ஆகியவற்றைத் தாமே நோக்கி எழுதுக. சாற்றை ஆசிரியர் வெட்டிக் காட்டுக. இறுதியில் அனைவரும் சோப்பிட்டுக் கைகழுவுக.