பார்வையற்ற பெற்றோருக்குச் சில குறிப்புகள்

• குழந்தை தவழத் தொடங்கியதும் முத்துக் கொலுசு போடுங்கள். எங்கே போகிறது என்று சத்தம் சொல்லிவிடும். முத்து ஏதும் தளர்ந்திருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பாருங்கள்; கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும்.

• காய்ச்சல் மருந்து பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்ட், சத்து டானிக்கில் இரண்டு மாட்டுங்கள். மூடியில் ஊற்றி அளக்க வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சில் மருத்துவர் சொன்ன அளவுக்குத் தண்டை இழுத்து, அந்த இடத்தில் சிறு வெட்டுக்குறி போட்டுத் தரும்படி பார்வையுள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். நகத்துக்குத் தட்டுப்படும். அளவு மாறினால் சிரிஞ்சையும் மாற்றிவிடுங்கள்.

• குளிப்பாட்டும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். கலக்கிவிட்டு முழங்கையால் சூடு பாருங்கள்.

• கர்ப்பகாலப் பரிசோதனைக்கு யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையை எடுத்துச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 25 சிகிச்சையில் முன்னுரிமை பற்றிச் சொல்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

• மருத்துவர் துணைக்கு வந்தவரிடமே பேசினால், “அம்மா நான்தான், என்னிடம் சொல்லுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

• பள்ளிச் சுற்றறிக்கையைப் படமாக அனுப்பாமல், வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பும்படி ஆசிரியரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.