கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள யாழினி,

பாட்டுப் போட்டியிலிருந்து பாதியில் வெளியேறியதற்கு ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. அந்த வேலையை உன் அம்மாவும் சிகாகோவில் இருக்கிற நம் சொந்தக்காரர்களும் இதற்குள் செய்து முடித்திருப்பார்கள். ஒரு ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது என்று அக்கா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். ரிட்டயர் ஆகும்வரை ஊரார் கணக்கைத் தணிக்கை செய்தே பிழைத்தவன் நான். பாட்டைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? தாளைப் பற்றிச் சொல்லலாம்.

எத்தனையாவது இடம் என்பதை விட்டுத்தள்ளு. 2004இல் அமெரிக்கன் ஐடலில் உன் ஊர்ப்பெண் ஜெனிஃபர் ஹட்சன் ஏழாவது இடத்தோடு வீட்டுக்குப் போனவர். 'ட்ரீம்கேர்ள்ஸ்' படத்துக்காக 2007இல் ஆஸ்கார் வாங்கிவிட்டார். முதல் ஆல்பம் வந்ததோ 2008இல்தான். ஆல்பம் தாமதமானதால் அவர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அதே 2004இல் ஐடலில் ஜெயித்தவர் ஃபான்டேசியா. முதல் பாட்டே பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. மறுவருஷம் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: சரியாக வாசிக்க வராது, வாசிக்க முடியாத ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று. அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்தத் தமிழ்க் கடிதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசித்துக்கொண்டிருப்பாய். ஒப்பந்தத்தையும் இதே வேகத்தில் வாசி.

முதலில் முன்பணம். அது கடன் மாதிரி. ஒரு பேச்சுக்கு, 1 லட்சம் டாலர் கொடுத்து, ராயல்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள். அந்த 1 லட்சத்தை உன் 15 சதவீதத்திலிருந்துதான் கழிப்பார்கள். அதாவது உன் பாட்டால் கம்பெனிக்கு 6,66,000 டாலருக்கு மேல் வந்த பிறகுதான் உன் கைக்கு முதல் காசு வரும். ஸ்டுடியோ செலவு, வீடியோ செலவு என்று அதே கணக்கில் ஏற்றிக்கொண்டே போனால் அந்த நாள் தள்ளிக்கொண்டே போகும். எந்தெந்தச் செலவை உன் தலையில் எழுதலாம் என்கிற பகுதியைத் தேடு. கச்சேரி வருமானத்திலும் பங்கு கேட்கிறார்களா என்று பார்.

அடுத்தது பாட்டு யாருடையது என்பது. அமெரிக்காவில் எஃப்எம்மில் ஒரு பாட்டு ஒலித்தால், எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. 'ரெஸ்பெக்ட்' அரீத்தா ஃபிராங்க்ளினின் பாட்டு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். எழுதியவர் ஓட்டிஸ் ரெட்டிங். அரீத்தா அதைப் பாடி வெளியிட்டது 1967இல். அன்றிலிருந்து வானொலியில் அது ஒலித்ததற்கான காசு ரெட்டிங் பக்கம்தான் போனது. மேடைப் பணத்தையோ அரீத்தா ரொக்கமாகக் கேட்டு வாங்குவார், பாடும்போது கைப்பை கண்ணெதிரே இருக்கும். 2015இல் கென்னடி சென்டரில் அவர் பாடிய வீடியோவை மறுபடி பார். ஒபாமா கண்ணைத் துடைக்கிறாரே, அதேதான். பை பியானோ மேல் இருக்கும்.

ஆகவே, நீ நோட்டில் எழுதி வைத்திருக்கிற பாட்டுகளின் பதிப்புரிமையை இந்த ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே. அது தனிப் பேரம். எஃப்எம் போலன்றி, இணைய வானொலியில் பாடியவருக்கும் பங்கு உண்டு. அதற்கு உன் பெயரைப் பதிந்துகொள்.

போட்டிக்குள் நுழையும்போதே ஒரு கட்டுத் தாளில் உன்னிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அதை எடு. உன்னை ஒப்பந்தம் செய்ய முதல் உரிமை எங்களுக்குத்தான் என்று அதில் எழுதியிருக்கலாம்; எத்தனை மாதத்துக்கு என்றும் இருக்கும். அந்தக் கெடு முடிந்துவிட்டதா என்று தெரியாமல் இன்னொருவரிடம் பேச்சே வேண்டாம்.

பாட்டைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். நிகழ்ச்சியில் ஒன்றரை நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்க் காட்டப் பழக்கிவிட்டார்கள். கடைசி இரண்டு வாரமும் நீ எடுத்த எடுப்பிலேயே கத்தினாய். சர்ச் கொயரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி மெல்ல மெல்லச் சூடேற்றுவாயே, அந்த யாழினியைத்தான் எனக்குப் பிடிக்கும். 2003இல் ஐடலில் ஜெயித்த ரூபன் ஸ்டடர்ட் அடுத்த வருஷமே சுவிசேஷப் பாடல்களில் ஒரு ஆல்பம் போட்டார். நீயும் ஞாயிற்றுக்கிழமை கொயரை விட்டுவிடாதே.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், பின்னிணைப்புகள் உட்பட, ஸ்கேன் செய்து அனுப்பு. இசைத்துறை வழக்கறிஞர் ஒருவரை நீயே பிடி. கம்பெனி சிபாரிசு செய்கிற ஆள் வேண்டாம். 'வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள்' என்று அவசரப்படுத்தினால், மாமா ஊரில் இல்லை, அவர் பார்க்காமல் முடியாது என்று சொல். நான் இங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
மாமா